மூழ்கவும் வேண்டாம், மிதக்கவும் வேண்டாம்!

திருப்பூருக்கும் சமுத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரிலிருந்து கப்பலேறிப் போகிற பனியன்களைத் தவிர வேறு சம்பந்தம் எதுவும் கிடையாது. நொய்யலில் வெள்ளம் வந்தால் பாலத்தின்மேல் கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரிலே பிறந்து, பவர் டேபிள் ஓசையிலேயே வளர்ந்து, ஐம்பது வயதை எட்டிப் பிடிக்கிற சமயத்தில், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

போனது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. பணமும் டாக்டர் சர்டிபிகேட்டும் இருந்தால் போய்விடலாம். போன இடத்தில் மேலேயும் ஏறாமல், கீழேயும் விழாமல், நடுத் தண்ணீரில் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றேனே, அதுதான் காரியம். அந்த ஒரு நிமிஷத்துக்காக ஐந்து நாள் படாத பாடு பட்டேன்.

அந்தமானுக்குப் புறப்படுகிறபோதே என் மனைவி சொன்னாள்: "வீட்டுல ஒரு நிமிசம் சும்மா உக்காந்ததில்லீங்க. தண்ணிக்குள்ள போயிச் சும்மா இருக்கறதுக்கு இத்தன ரூவாயாக்கும்!"

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் ஸ்கூபா வித்தையின் ரகசியம் முழுவதும் அந்த வார்த்தையில் அடங்கியிருக்கிறது என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

சுரைப்புருடைப் பள்ளிக்கூடம்

கொங்கு நாட்டுத் தோட்டத்துக் கிணறுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீள் சதுரமாக வெட்டிக் கல் கட்டிய பெரிய கிணறு. சுவரோடு ஒட்டி இறங்குகிற படிகள். மாடு பூட்டிக் கவலை ஓட்டிய காலத்துக் கல் தூண்கள் மேலே நிற்கும். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் எட்டிக் குனிந்தால் தண்ணீரில் முகம் தெரியும்.

எனக்கு எட்டு வயதாயிருந்தபோது, என் அப்புச்சி அப்படியொரு கிணற்றில்தான் எனக்கு நீச்சல் பழக்கினார். நன்றாகக் காய்ந்த சுரைக் குடுக்கை இரண்டை — எங்கள் பக்கத்தில் அதைச் சுரைப்புருடை என்போம் — கயிற்றில் கோத்து என் இடுப்பில் கட்டினார். மூன்றாவது படியிலிருந்து தள்ளிவிட்டார். நான் கையையும் காலையும் உதறிக்கொண்டு ஊரைக் கூட்டினேன். அப்புச்சி படியில் உட்கார்ந்தபடியே சொன்னார்:

"கண்ணு, தண்ணிகூட மல்லுக்கட்டாத சாமி! நீ சும்மா இருந்தீன்னா அதுவே உன்னத் தூக்கிக்கும்."

சில நாளில் இரண்டு புருடை ஒன்றாயிற்று. அப்புறம் அந்த ஒன்றும் போயிற்று. அதன் பிறகு முங்கு நீச்சல் ஆரம்பமாயிற்று. நாலணாக் காசை உள்ளே போட்டுவிட்டு முங்கி எடுப்போம். யார் அதிக நேரம் மூச்சை அடக்குகிறானோ அவன்தான் வீரன்.

ஆக, அந்தக் கிணறு எனக்கு இரண்டு பாடங்களைச் சொல்லிக் கொடுத்தது. ஒன்று, தண்ணீரோடு மல்லுக்கட்டாதே. இன்னொன்று, மூச்சை அடக்கு. நாற்பது வருஷம் கழித்து நான் கடலில் இறங்கியபோது, இவற்றில் ஒரு பாடம் என்னைக் காப்பாற்றியது. மற்றொன்று என் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. எது எந்தப் பாடம் என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

கல்லைக் கட்டி இறங்கியவர்கள்

கடலுக்குள் முங்குவது தமிழனுக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் நம்மவர்கள் முங்கியதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவே ஆச்சரியப்பட்டு எழுதி வைத்திருக்கிறார். கொற்கையின் முத்து அதற்கும் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ரோமாபுரி வரையில் பிரசித்தம்.

அவர்கள் இறங்கிய முறையைக் கேளுங்கள். கனமான கல்லொன்றைக் கயிற்றில் கட்டிப் படகின் ஓரத்தில் தொங்கவிடுவார்கள். முத்துக் குளிப்பவர் அதன்மேல் காலை வைத்து, மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு, கயிற்றை விடச் சொல்வார். கல் அவரைக் கீழே கொண்டுபோகும். பதினைந்து, இருபது மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ ஒரு நிமிஷ நேரம் சிப்பிகளைப் பொறுக்கிப் பையில் போடுவார். பிறகு கயிற்றை அசைப்பார். மேலே இருக்கிற துணையாள் அவரை இழுத்துக்கொள்வார். துணையாளின் கையில் இருந்தது கயிறு மட்டுமல்ல, உயிரும்தான். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961-ல்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? கீழே போவதற்குக் கல், மேலே வருவதற்குக் கயிறு. நடுத் தண்ணீரில் நிற்கவேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. ஒரு நிமிஷ மூச்சை வைத்துக்கொண்டு நடுவில் நின்று வேடிக்கை பார்க்க முடியுமா?

நடுவில் நிற்கிற பிரச்னை 1943-ல் பிறந்தது. அந்த வருஷம் பிரான்ஸ் தேசத்தில் ஜாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் காக்னான் என்ற என்ஜினீயரும் சேர்ந்து 'அக்வாலங்' என்ற கருவியைச் செய்தார்கள். அழுத்தி அடைத்த காற்றை முதுகில் சுமந்துகொண்டு, வேண்டும்போது வேண்டிய அளவு வாயால் இழுத்துக்கொள்ளலாம். மனிதன் மீன் மாதிரி கயிறு இல்லாமல் கடலுக்குள் உலாவினான். அதே கூஸ்தோ எடுத்த 'மௌன உலகம்' என்ற படம் 1956-ல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசு பெற்று, உலகத்துக்கெல்லாம் கடலடியைக் காட்டியது.

மீன் மாதிரி உலாவலாம், சரி. மீன் மாதிரி நிற்க வேண்டாமா?

லிப்ட் ஏறி இறங்கிய கதை

விமானத்தில் அந்தமான் போய், அங்கிருந்து படகில் ஸ்வராஜ் தீவு போய்ச் சேர்ந்தேன். 2018 வரையில் ஹேவ்லாக் என்று பெயர் வழங்கிய தீவு அது. எனக்குப் பாடம் சொன்ன பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தமிழ்ப் பையன். தாத்தா காலத்திலேயே அந்தமானில் குடியேறிய குடும்பம்.

"நீச்சல் தெரியுமா, சார்?" என்றான்.

"கிணத்து நீச்சல், தம்பி. அறுபது அடிக் கிணறு!" என்று மார்தட்டிக்கொண்டேன். அவன் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அரை மணி நேரத்தில் புரிந்துவிட்டது.

உடம்போடு ஒட்டிய ரப்பர் உடை, சிலிண்டர், மேலே ஒரு காற்றுச் சட்டை, இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த பெல்ட், கண்ணாடி, காலில் ஃபின் என்கிற துடுப்பு. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு அலங்காரம் கிடையாது. ஈயம் எட்டுக் கிலோ. நான்தான் வற்புறுத்திக் கட்டிக்கொண்டேன். ரப்பர் உடை மிதக்கும் என்கிறார்கள், தாராளமாகவே இருக்கட்டுமே என்ற எண்ணம்!

இறங்கினேன். தேர்ச் சக்கரம் மாதிரி நேரே போய் மணலில் உட்கார்ந்தேன். காற்றுச் சட்டையில் ஒரு பொத்தானை அழுத்தினால் காற்று ஏறும் என்று சொல்லியிருந்தான். அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். மெல்ல எழும்பினேன். ஆகா என்று நினைப்பதற்குள் வேகம் பிடித்துவிட்டது! பதறிப்போய் இன்னொரு பொத்தானை அழுத்திக் காற்றை வெளியே விட்டேன். மறுபடி மணல். இப்படியே மேலும் கீழுமாக, ஜவுளிக் கடை லிப்ட் மாதிரி, மூன்று தடவை போய் வந்தேன்.

நாலாவது தடவை மணல் இல்லை. கீழே பவளப் பாறை. கலைமானின் கொம்பு மாதிரி கிளைவிட்டு வளர்ந்த பவளம். அதன்மேல் விழாமல் இருக்கக் காலை உதைத்தேன். ஃபின் பட்டு ஒரு கிளை ஒடிந்தது. என் சுண்டு விரல் நீளந்தான் இருக்கும். தண்ணீருக்குள் சத்தம் நன்றாகக் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அந்த 'டிக்' என்ற சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

பயத்தில் அடுத்ததாக ஒரு காரியம் செய்தேன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கிணற்றுப் பழக்கத்தில், அப்படியே அடக்கிக்கொண்டேன். உடம்பு மேலே கிளம்பியது. பையன் பாய்ந்து வந்து என் காலைப் பிடித்து நிறுத்தி, என் கண்ணெதிரே கையை ஆட்டி ஆட்டி 'மூச்சை விடுங்கள், விடுங்கள்' என்று ஜாடை காட்டினான். விட்டேன். குமிழிகள் மேலே போயின. நான் நின்றேன்.

கரைக்கு வந்த பிறகு அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "சார், பவளத்தை ஒடிச்சதைக்கூட விடுங்க. மூச்சை அடக்குனீங்களே, அதுதான் எனக்கு உயிரே போயிடுச்சு!" என்றான்.

கிணற்று மூச்சும் கடல் மூச்சும்

மூச்சை அடக்குவதில் அப்படி என்ன ஆபத்து என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், மளிகைக் கணக்கைவிடச் சுலபம்.

தண்ணீரில் பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின்மேல் உள்ள அழுத்தம் இரண்டு மடங்காகும். இருபது மீட்டரில் மூன்று மடங்கு. அழுத்தம் இரட்டித்தால் காற்று பாதியாகச் சுருங்கும். இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் 1662-ல் வெளியிட்ட விதி இது.

கிணற்றில் முங்குகிறவன் மேலே இழுத்த மூச்சோடு கீழே போகிறான். அது சுருங்குகிறது. மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்புகிறது. பழைய அளவுக்குமேல் ஒரு சொட்டுக்கூட விரியாது. ஸ்கூபாக்காரன் விஷயம் வேறு. அவன் பத்து மீட்டர் ஆழத்தில், அந்த ஆழத்துக்குரிய அழுத்தத்திலேயே மூச்சை இழுக்கிறான். ஐந்து லிட்டர் காற்றை நெஞ்சில் அடைத்துக்கொண்டு மேலே வந்தால், அது பத்து லிட்டராக விரியப் பார்க்கும். நெஞ்சு எங்கே போகும்? நுரையீரல் கிழிந்து, காற்று ரத்தத்தில் புகுந்து உயிருக்கே ஆபத்தாகும். இதற்குப் பத்து மீட்டர்கூட வேண்டாம். நெஞ்சு நிறைந்திருந்தால் ஒன்றிரண்டு மீட்டர் ஏற்றமே போதும்.

ஆகவே ஸ்கூபாவின் முதல் விதி: எந்தச் சமயத்திலும் மூச்சை அடக்காதே. இழு, விடு, இழு, விடு. கிணறு தந்த இரண்டாவது பாடத்தை நான் கடலில் போட்டுவிட்டு வரவேண்டியிருந்தது.

கடனுக்குமேல் கடன்

சரி, ஏன் நான் லிப்ட் மாதிரி ஏறி இறங்கினேன்?

ஆர்க்கிமிடீஸ் கதை உங்களுக்குத் தெரியும். தண்ணீரில் இறங்கிய பொருள் எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ அவ்வளவு தண்ணீரின் எடைக்குச் சமமாக, தண்ணீர் அதை மேலே தூக்கும். நம் எடை அதைவிட ஜாஸ்தியானால் மூழ்குவோம். குறைந்தால் மிதப்போம். இரண்டும் சரியாக இருந்தால் நிற்போம். பலசரக்குக் கடைத் தராசின் முள் நடுவில் நிற்பது மாதிரிதான்.

இந்தத் தராசின் ஒரு தட்டில் ஈயம். மறு தட்டில் மூன்று விதமான காற்று: ரப்பர் உடையில் இருக்கிற நுண்ணிய குமிழிகள், காற்றுச் சட்டையில் நாம் ஏற்றுகிற காற்று, நம் நெஞ்சில் இருக்கிற மூச்சு. கஷ்டம் என்னவென்றால், ஈயம் எந்த ஆழத்திலும் ஈயந்தான். காற்றோ ஆழம் மாறினால் அளவு மாறிவிடும். இறங்க இறங்கச் சுருங்கி இன்னும் இறக்கும். ஏற ஏற விரிந்து இன்னும் ஏற்றும். விழுகிறவனைத் தள்ளிவிட்டு, எழுகிறவனைத் தூக்கிவிடுகிற உலக வழக்கம் அங்கேயும் உண்டு!

எனக்கு வேண்டியது ஐந்து கிலோ ஈயம். கட்டியதோ எட்டு. அதிகப்படியான மூன்று கிலோவைத் தாங்க, காற்றுச் சட்டையில் மூன்று லிட்டர் காற்று ஏற்ற வேண்டியிருந்தது. பத்து மீட்டரிலிருந்து ஐந்து மீட்டருக்கு ஏறினேன் என்றால், அந்த மூன்று லிட்டர் நாலு லிட்டராகிவிடும். நான் கேட்காமலே ஒரு கிலோ விசை என்னை மேலே தூக்கும். அந்த அதிகப்படி ஈயம் இல்லாவிட்டால் அந்த அதிகப்படி காற்றும் இல்லை, அந்தத் தூக்கலும் இல்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறவனுக்கு வட்டி எப்படிக் குட்டி போடுமோ, அந்தக் கதைதான்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் ஊரில் துணியை வட்டமாக வெட்டிச் சின்னத் தராசில் வைத்து ஜி.எஸ்.எம். பார்ப்போம். சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று ஆர்டரில் எழுதியிருந்தால் அத்தனை கிராம் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் துணி நூலைத் தின்றுவிட்டது என்பார்கள். கிராம் கணக்குப் பார்த்தே தலை நரைத்த நான், என் இடுப்பில் மூன்று கிலோவைக் கோட்டை விட்டிருக்கிறேன்!

ஐந்து நாள் பாடம்

மறுநாள் முதல் வேலையாக எடை பார்த்தோம். அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. நீர்மட்டத்தில் நிமிர்ந்து, காலை அசைக்காமல் நிற்க வேண்டும். காற்றுச் சட்டையைக் காலி செய்துவிட வேண்டும். சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்து நிறுத்தினால் தண்ணீர் கண் மட்டத்துக்கு வரவேண்டும். மூச்சை விட்டால் மெதுவாக மூழ்க வேண்டும். அப்படியானால் எடை சரி. கல் மாதிரி போனால் ஒரு கட்டியைக் கழற்று. தலை வெளியே நின்றால் ஒன்று சேர். (நீர்மட்டத்தில் ஏறுவதற்கு இடமில்லை. ஆகையால் அங்கே மட்டும் ஒரு கணம் மூச்சை நிறுத்தினால் மோசமில்லை.)

இதில் இரண்டு சூட்சுமங்கள் உண்டு. கிணற்றுத் தண்ணீரைவிட உப்புத் தண்ணீர் கனமானது, நூற்றுக்கு இரண்டரைப் பங்கு. ஆகவே நன்னீரில் பார்த்த எடையோடு கடலில் இரண்டு, இரண்டரைக் கிலோ கூட்ட வேண்டியிருக்கும். இன்னொன்று, காற்றுக்கும் எடை உண்டு. நிரம்பிய சிலிண்டரில் இரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் காற்று இருக்கிறது. அதைச் சுவாசித்துத் தீர்த்தபிறகு சிலிண்டர் அந்த அளவுக்கு லேசாகிவிடும். இறங்கும்போது சரியாக இருந்தவன் ஏறும்போது மிதந்துவிடுவான். எனவே சிலிண்டர் காலியாகப் போகிற சமயத்துக் கணக்கை வைத்துத்தான் ஈயம் கட்ட வேண்டும்.

இரண்டாம் நாள் பாடம், மூச்சு. மணலில் குப்புறப் படுக்கச் சொன்னான். ஃபின் நுனி மட்டும் தரையில் இருக்க வேண்டும். காற்றுச் சட்டையில் துளித் துளியாகக் காற்று. பிறகு கையை மடக்கிக்கொண்டு மூச்சு மட்டும். மெதுவாக இழுத்தால் மார்பு எழும்புகிறது. மெதுவாக விட்டால் தாழ்கிறது. நம் நெஞ்சுக்குள் இவ்வளவு பெரிய யந்திரம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. சாதாரண மூச்சு அரை லிட்டர்தான். ஆனால் நிறைய இழுத்து நிறைய விட்டால் மூன்று, நாலு லிட்டர் வித்தியாசம். அதாவது மூன்று, நாலு கிலோவைக் கூட்டவும் குறைக்கவும் மூச்சினாலேயே முடியும். அப்புறம் பொத்தான் எதற்கு?

ஆனால் ஒன்று. மூச்சை இழுத்தவுடனே ஏறமாட்டோம். ஒன்றிரண்டு விநாடி தாமதித்துத்தான் உடம்பு அசையும். பொறுமையில்லாதவன் 'இன்னும் ஏறவில்லையே' என்று மேலும் இழுப்பான். இரண்டும் சேர்ந்து அவனைத் தூக்கி எறியும். பாறை எதிரே வந்த பிறகு மூச்சு இழுத்துப் பிரயோஜனமில்லை. அதற்கு முன்பே இழுத்துவிட வேண்டும். சமையலில் பாலுக்குத் தீயைத் தணிக்கிற மாதிரிதான்; பொங்கிய பிறகு தணித்து என்ன பயன்?

மூன்றாம் நாள், படுக்கை. தலை மேலேயும் கால் கீழேயுமாகச் சாய்ந்து போனால், ஒவ்வொரு உதையும் நம்மை மேலே தள்ளும். ஃபின் கீழே உள்ளதையெல்லாம் கிளறும். நான் பவளத்தை ஒடித்தது இப்படித்தான். உடம்பு தரைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். முழங்காலை மடக்கி, தவளை மாதிரி பின்னாலே உதைக்க வேண்டும். ஈயத்தைக் கொஞ்சம் மேலே தள்ளிக் கட்டியதும் என் கால் தானாக எழும்பிற்று. கைகளுக்கு அங்கே வேலையே கிடையாது. கையை வீசுகிறவன் கற்றுக்குட்டி என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

நாலாம் நாள், ஏறுகிற பாடம். நிமிஷத்துக்கு ஒன்பது மீட்டருக்குமேல் ஏறக்கூடாது. ஏறும்போதே காற்றுச் சட்டையின் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட வேண்டும். ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் நின்று, ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற அவகாசம் கொடுக்க வேண்டும். பிடித்துக்கொள்ளக் கயிறு இல்லாத இடத்தில் அந்த மூன்று நிமிஷம் நிற்கத் தெரியாதவன் கதி என்னாவது? நிற்கிற வித்தை அழகுக்காக அல்ல, உயிருக்காகத்தான் என்பது அப்போது விளங்கிற்று.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் தாமாகவே சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். டாக்டரிடம் உடம்பைக் காட்டி, தேர்ந்த பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே இறங்க வேண்டும்.

மீனும் விண்வெளிக்காரரும்

ஓய்வு நேரத்தில் பையன் பல விஷயங்கள் சொன்னான். எலும்புள்ள மீன்களில் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப் பை இருக்கிறது. அதில் காற்றைக் கூட்டிக் குறைத்து அது வேண்டிய ஆழத்தில் நிற்கிறது. சுறாவுக்கு அந்தப் பை கிடையாது. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல்தான் அதற்குச் சுரைப்புருடை. அது போதாமல் நீந்திக்கொண்டும் இருக்க வேண்டும்.

விண்வெளிக்குப் போகிறவர்களும் இதே பாடத்தைத்தான் படிக்கிறார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் 'நாசா' ஒரு ராட்சதக் குளம் கட்டி வைத்திருக்கிறது. நீளம் 62 மீட்டர், ஆழம் 12 மீட்டர். விண்வெளி உடையோடு அவர்களை அதில் இறக்கி, மூழ்காமலும் மிதக்காமலும் எடையைச் சரிக்கட்டி, நிலையத்துக்கு வெளியே வேலை செய்யப் பழக்குகிறார்கள். அப்புச்சியின் கிணற்றையும் ஹூஸ்டன் குளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஒன்றுதான், புருடைதான் வேறு!

ஒடிந்த கிளை

நான் ஒடித்த கிளையைப் பற்றி அவனிடம் கேட்டேன். பவளம் என்பது கல் அல்ல. ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு பிராணிகள் கூடிக் கட்டிய வீடு. கிளைப் பவளம் கொஞ்சம் வேகமாக வளரும். உருண்டைப் பவளமோ வருஷத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தால் ஜாஸ்தி. 2010-ல் கடல் நீர் சூடேறி அந்தமானில் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. அதிலிருந்து தப்பித்து வளர்கிறவற்றின்மேல்தான் நம்மைப் போன்றவர்கள் காலை வைக்கிறோம்.

இது அந்தமான் கதை மட்டுமல்ல, நம் வீட்டுக் கதையும்தான். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரையில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்தத் தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள். ஒரு காலத்தில் அந்தப் பவளத்தைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் பாறை குறைந்தது. கரை கரைந்தது. விளாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்குள் போய்விட்டன. 2001-ல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் சமமாக முதல் அட்டவணையில் சேர்த்தார்கள்.

அப்படியானால் நான் ஒடித்த சுண்டு விரல் நீளம்? அது தெரியாமல் செய்ததுதான். ஆனால் வருகிற ஒவ்வொருவரும் 'தெரியாமல்' ஒரு விரல் நீளம் ஒடித்தால் பாறைக்கு எத்தனை விரல் மிஞ்சும்?

அந்த ஒரு நிமிஷம்

ஐந்தாம் நாள். இடுப்பில் ஐந்தே கிலோ. காற்றுச் சட்டையில் கொஞ்சம் காற்று. பவளப் பாறைக்கு ஒரு முழம் மேலே வந்ததும் பையன் கையைக் காட்டினான்: நில்லுங்கள்.

கைகளைக் கட்டிக்கொண்டேன். காலை அசைக்கவில்லை. மெதுவாக இழுத்தேன், நாலு விரற்கடை ஏறினேன். மெதுவாக விட்டேன், நாலு விரற்கடை தாழ்ந்தேன். பொத்தானைத் தேட வேண்டும் என்றே தோன்றவில்லை. என் முகத்துக்கு எதிரே ஒரு சிறு மஞ்சள் மீன் தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. நான் வந்ததை அது ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதைவிடப் பெரியது வேறில்லை!

அப்போதுதான் படியில் உட்கார்ந்திருந்த அப்புச்சியின் குரல் காதில் விழுந்தாற்போல் இருந்தது. "தண்ணிகூட மல்லுக்கட்டாத சாமி!" ஆர்க்கிமிடீஸும் பாயிலும் கணக்குப் போட்டுச் சொன்னதை, எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் இரண்டு சுரைப்புருடையை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். கிணற்றின் முதல் பாடம் கடலிலும் செல்லுபடியாயிற்று.

ஊர் திரும்பியதும் மனைவி கேட்டாள்: "கடலுக்கடியில போயி என்னங்க கொண்டாந்தீங்க?"

"ஒண்ணும் கொண்டு வரலை. அங்கே இருந்ததை அங்கேயே விட்டுட்டு வந்தேன்" என்றேன்.

அந்தக் கோடையில் என் பேரனை அதே தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். இப்போது சுரைப்புருடைக்கு எங்கே போவது? காலி எண்ணெய்க் கேன் இரண்டை இடுப்பில் கட்டினேன். நானும் கூடவே இறங்கிப் பக்கத்தில் நின்றேன். அவன் கையையும் காலையும் உதறிக்கொண்டு ஊரைக் கூட்டினான். நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் உங்கள் வீட்டுக் குழந்தைக்கு நீச்சல் பழக்கும்போது அதையே சொல்லுங்கள். கூடவே நீங்களும் தண்ணீரில் இறங்கி நில்லுங்கள். ஏனென்றால் முத்துக் குளித்த காலத்திலிருந்து இன்றுவரை, தண்ணீரில் இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டும்!